பெரியவன் படம்

செத்துப்போனவருக்கு முகம் கிடைக்கவில்லை என்றால் மாலையை எங்கே போடுவது?

போன டிசம்பரில் ஆவடி சேக்காட்டில், பூங்கா வாசலில் நின்றுகொண்டு ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். சுற்றி நின்ற யாருக்கும் பதில் வரவில்லை. இதை எழுதுகிற எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அப்புறம் நடந்ததைப் பார்த்தும், கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். இது தங்கவேலின் கதை.

தங்கவேலுக்கு எழுபது தாண்டிவிட்டது. அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து பிரேக் கட்டை மாற்றியே ஓய்வு பெற்றவர். அந்த வேலை அவர் முதுகை வளைத்துவிட்டது. வளைகிறவரை எங்கள் தெருவில் அவர்தான் உயரம். அவருடைய அப்பா கூலிக்குக் களையெடுத்த நிலத்தில்தான் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதற்கு எதிரே ஒரு சின்னப் பூங்கா.

அன்றைக்குக் காலையில் பால் பாக்கெட் வாங்கப் போன தங்கவேல், பூங்கா வாசலில் தன்னையே பார்த்தார்.

பேனரில், ஆள் உயரத்துக்கு மேல், பதினெட்டு வயதுத் தங்கவேல் நின்றுகொண்டிருந்தார். பச்சை ராணுவச் சட்டை. விறைத்த கழுத்து. இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் காதுகள். கீழே கொட்டை எழுத்தில், ‘1971 போரில் இன்னுயிர் நீத்த நம் மண்ணின் மைந்தன் கன்னியப்பன் அவர்களுக்கு வீர வணக்கம்’ என்று போட்டிருந்தது. ஓரத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பெயர்.

பக்கத்து டீக்கடையிலிருந்து ஜெயராமன் கண்ணாடி டம்ளரோடு வந்து நின்றார். ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவர். தங்கவேலுக்கு ரொம்ப நாள் கூட்டாளி.

“இன்னா மாமே, உங்கண்ணன் அப்டியே உன் மூஞ்சியாட்டம் கீறாரு?”

“அண்ணன் தம்பின்னா அப்டித்தான் இருக்கும்.”

“அதுக்குன்னு இப்டியா? காதுகூட உன்னுதுதான். இந்தக் காத வச்சிக்கினு பார்டர்ல எங்க ஒளியிறது? அந்தாண்ட கீறவனுக்குக் காதுதான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்.”

தங்கவேல் சிரிக்கவில்லை. பேனரில் கன்னத்தைத் தேடினார். அங்கே இருக்க வேண்டிய கறுப்புப் பொட்டைக் காணோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எடுத்திருப்பார். அம்மா வைத்த பொட்டு. பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கன்னியப்பன் அவருக்கு மூன்று வயது மூத்தவர். வீட்டில் அவன் பெரியவன், இவன் சின்னவன். அம்மா வேம்புலியம்மாளும் சரி, நைனாவும் சரி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆனால் சின்னவன் மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பெரியவனைத் தாண்டி வளர்ந்துவிட்டான். ஊரில் எவனாவது கிண்டல் பண்ணினால் கன்னியப்பன் தம்பியின் தலையில் எம்பி ஒரு குட்டு வைப்பான்.

“நீ ஒசரம்தான்டா. பெரியவன் நான்தான்.”

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது உயரம்தான் அவனுக்குக் கண்டமாக இருந்தது. எண்ணெய் வைத்து, தலைமுடியை மேலே தூக்கி வாரிக்கொண்டு போனான். அளந்தவர் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான். அதிலிருந்து எப்போதும் முடியைத் தூக்கித்தான் வாருவான்.

எழுபத்தொன்றில் லீவில் வந்தபோது வீட்டோடு மாங்காடு கோயிலுக்குப் போனார்கள். திரும்பும் வழியில் பூந்தமல்லியில் ஒரு ஸ்டுடியோவில் அண்ணனும் தம்பியும் படம் எடுத்துக்கொண்டார்கள். யூனிஃபார்ம் போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள்.

“லீவுலயும் அத்த மாட்டிக்கினு நிக்கணுமா? கட்டம்போட்ட சட்டையே போதும்.”

ஸ்டுடியோக்காரர் குள்ளமானவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கன்னியப்பன் உட்காரமாட்டேன் என்றான். “ரெண்டு பேரும் நிக்கிறோம். அவன் எம்மா ஒசரம்னு எல்லாரும் பாக்கட்டும்.” அப்படி நின்று எடுத்ததுதான் அந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே படம்.

டிசம்பரில் சண்டை வந்தது. பதினாறாம் தேதி சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று சொன்னார்கள். ஆவடியே வெடி வெடித்தது. வேம்புலியம்மாள் பக்கத்து வீட்டில் வெல்லம் வாங்கி வந்து சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். “சண்ட முடிஞ்சிட்ச்சி, பெரியவன் பொங்கலுக்கு வந்துருவான்” என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கவேல் இரண்டு முறை வாங்கித் தின்றார். நெய் கையில் ஒட்டியது வரை அவருக்கு நினைவிருக்கிறது.

சில நாள் கழித்துத் தந்தி வந்தது. சண்டை முடிவதற்கு முந்தின நாளே கன்னியப்பன் செத்துப்போயிருந்தான். கிழக்கே ஏதோ ஓர் ஆற்றங்கரை. அம்மா பொங்கல் கிளறிய நேரத்தில் அவன் இல்லை. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். வந்தது ஒரு இரும்புப் பெட்டி. அதில் போர்வை, சீப்பு, ஒரு கட்டம்போட்ட சட்டை.

காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டும். நைனா அந்த ஒரே படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். துக்கத்தில் அவருக்குப் பேச்சே எழவில்லை. “இதுல பெரியவன மட்டும் தனியா எடுத்து, மிலிட்டிரி சட்ட போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஸ்டுடியோவில் அன்றைக்கு இருந்த வேறொருவர் படத்தைப் பார்த்தார். இரண்டு பேரில் பெரியவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நெடுநெடுவென்று நின்றானே, அவன்தான். கத்தரிக்கோலால் படத்தை நடுவில் வெட்டினார். உயரமான பாதியை அட்டையில் ஒட்டி, போட்டிருந்த சட்டையின் மேல் தூரிகையால் பச்சைச் சட்டை வரைந்து, பட்டன் போட்டு, சட்டம் அடித்துக் கொடுத்தார். மீதிப் பாதி குப்பைக்குப் போனது. பழைய நெகட்டிவையெல்லாம் வெள்ளி எடுக்கிறவர்களிடம் போட்டுவிட்டார்களாம்.

காரியத்தன்று காலையில் நைனா படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார். அம்மா பார்த்தாள்.

“இது சின்னவனாச்சே.”

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பந்தலில் சனம் கூடிவிட்டது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். “உசுரோட கீறவன் படத்துக்கு எப்டிடா மால போடுவேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு சித்தி, “யக்கா, சட்ட மிலிட்டிரி சட்ட. யாரு உத்துப் பாக்கப் போறா? படமில்லாம புள்ளய அனுப்புவியா?” என்றாள்.

அம்மா உள்ளே போய்க் கண்மைச் சிமிழை எடுத்து வந்தாள். விரலில் மையைத் தொட்டு, கண்ணாடி மேல், கன்னத்துக்கு நேராக, பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். கைக்குழந்தைக்கு வைப்பாளே, அதே மாதிரி. இந்த மாலை இவன்மேல் விழக்கூடாது என்று. அதற்கப்புறம்தான் மாலை போடவிட்டாள்.

தங்கவேல் மூலையில் நின்று, தன் படத்துக்கு மற்றவர்கள் கற்பூரம் காட்டுவதைப் பார்த்தார். அவரையும் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் அந்த நாளில் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் பொட்டைப் புதுசாக வைப்பாள். அந்த வீட்டில் டிசம்பர் பதினாறுக்கு யாரும் இனிப்பைத் தொட்டதில்லை. நைனா அதற்குப்பின் சாகிறவரைக்கும் ‘பெரியவன்’ என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் பிறகு தங்கவேலின் மனைவி பொட்டு வைத்தாள். அவளும் போன பிறகு மகள் பானுப்பிரியா. பானுவுக்கு அது பெரியப்பாவின் மச்சம் என்றுதான் தெரியும். கண்ணாடியில் மங்கிப்போகிறது, அதனால் பாட்டி மை வைத்தாள், அம்மா வைத்தாள், நானும் வைக்கிறேன் என்றிருந்தாள்.

மகளிடம் மறைக்க வேண்டும் என்று தங்கவேல் நினைக்கவில்லை. எங்கே ஆரம்பித்து எதைச் சொல்வது என்ற அலுப்புதான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குச் சோறும் தூக்கமும்தான் தெரியும். அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

ஆனால் சமீபமாக ஒரு பயம் வந்திருந்தது. கண்ணை மூடினால் அண்ணன் முகம் வருவதில்லை. பச்சைச் சட்டை போட்ட தன் முகமே வருகிறது. பார்த்துப் பார்த்து, கும்பிட்டுக் கும்பிட்டு, அந்தப் படம் அண்ணனை உள்ளேயிருந்து தள்ளிவிட்டது. மிச்சமிருப்பது எம்பிக் குட்டு வைக்கும் கையும் தூக்கி வாரிய முடியும்தான். கன்னியப்பனைக் கண்ணால் பார்த்தவர்களில் இவர் ஒருவர்தான் பாக்கி.

இப்போது கல் வேறு வரப்போகிறது. சங்கத் தலைவர் சம்பந்தம், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கும்பகோணம் பக்கம். எங்கள் தெருவில் இப்படி ஒரு ராணுவ வீரர் இருந்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு ஒரே உற்சாகம். பூங்காவில் கறுப்புக் கல் வைத்து, அதில் வீரரின் முகத்தைச் செதுக்கி, பதினாறாம் தேதி திறக்க வேண்டும். படத்தைக் கொடுத்தது பானு. அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை முகம் செதுக்கப் போகிறார்கள்.

பேனரில் முகம் மாறியிருந்தால் கிழித்துப் போடலாம். கல்லில் ஏறிவிட்டால்? அண்ணனுக்கு அதோடு முகமே கிடையாது.

வீட்டில் பானு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

“பேனர் பாத்தியாப்பா? சூப்பரா கீதுல்ல?”

“அது பெரியப்பா இல்லம்மா.”

“பின்ன யாரு?”

“நான்தான்.”

பானு சீப்பைக் கீழே வைத்தாள். தங்கவேல் சொன்னார். முதல் தடவையாக, ஸ்டுடியோ, கத்தரிக்கோல், மைச்சிமிழ் எல்லாம். சொல்லி முடிக்கும்போது பால் பாக்கெட் வியர்த்துத் தரையெல்லாம் ஈரம்.

“அப்போ பத்தாவது பரிச்சைக்குப் போவசொல்லோ நான் யார கும்புட்டுகினு போனேன்?”

“என்னத்தான்.”

“நீ பக்கத்துலயே நின்னுகினு பாத்துகினு இருந்தியேப்பா.”

“ஆமா. பாஸ் பண்ணிட்டல்ல.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “யாருக்குப்பா தெரியப்போவுது? வுட்டுரு. நாளைக்கே கல்லு. எல்லாரும் ஆசையா கீறாங்க” என்றாள்.

“எனக்குத் தெரியுமே.”

பானு கம்பெனிக்கு போன் போட்டு லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு கிளம்பினாள்.

பூங்கா வாசலில், பேனருக்கு அடியில், சம்பந்தம் பீடம் கட்டும் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். கூட ஸ்ரீகாந்த், அதே குடியிருப்பில் இருக்கும் ஐடி பையன். பேனர் அவன் வடிவமைத்தது. தங்கவேல் விஷயத்தைச் சொன்னதும் சம்பந்தம் பேனரைப் பார்த்தார், தங்கவேலைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். காது அவருக்கும் தெரிந்துவிட்டது.

“ஐயா, ஒரு அடையாளத்துக்குத்தானே படம்? உங்க ரத்தம்தானே அவரும்?”

“ரத்தம்தான் சார். ஆனா செத்தது நான் இல்லியே.”

ஸ்ரீகாந்த் போனை எடுத்தான். “அங்கிள், நீங்க சொல்லச் சொல்ல ஏஐ-ல முகம் வரவெச்சுடலாம். இப்பவே.” தங்கவேல் யோசித்து யோசித்துச் சொன்னார். தூக்கி வாரிய முடி, உருண்டை முகம், காது ஒட்டியிருக்கும். மூக்கு? அதற்கு மேல் வரவில்லை. போனில் ஒரு முகம் வந்தது. சினிமாக்காரன் மாதிரி, நல்ல களையான முகம். தங்கவேல் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீறான். யாரு தம்பி இவன்?”

ஸ்ரீகாந்த் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ராணுவ ஆபீஸில் பழைய படம் இருக்கலாம், எழுதிக் கேட்கிறேன் என்றான். கேட்கலாம். ஆனால் அது எப்போது வரும், வருமா என்பது யாருக்கும் தெரியாது. சம்பந்தம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“நாளை மறுநாள் திறப்பு. கவுன்சிலர் மாலையோட வர்றார். செத்துப்போனவருக்கு முகம் கிடைக்கலேன்னா மாலைய எங்க சார் போடுறது?”

கொத்தனார் கரண்டியைத் தட்டிக்கொண்டே, தன் பாட்டுக்கு, “பீடம் எம்மா ஒசரம் வைக்கட்டும்னு சொல்லிட்டீங்கன்னா நான் வேலையப் பாப்பேன்” என்றார்.

தங்கவேல் திரும்பினார். “இன்னா சொன்ன?”

“ஒசரம் சார். கல்லோட சேத்து எம்மா ஒசரம்?”

தங்கவேலின் கை தானாகவே எழுந்தது. தன் காதுக்குக் கீழே, தாடைப் பக்கம், உள்ளங்கையைப் படுக்கையாகப் பிடித்தார். அந்த இடம் அவருக்கு மறக்கவே இல்லை. எத்தனையோ தடவை முதுகோடு முதுகு ஒட்டி நின்று பார்த்த உயரம்.

“இது வரைக்கும் இருப்பான். இத்த வைங்க.”

பூங்காச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார். கொத்தனார் டேப்பை எடுத்தார். ஜெயராமன் குறுக்கே வந்தார்.

“இரு இரு. மாமே, நிமிந்து நில்லு. முதுவ இப்டி வளச்சிக்கினு நின்னியானா உங்கண்ணன் இன்னும் குள்ளமாயிடுவாரு.”

தங்கவேல் நிமிர்ந்தார். சாதாரண நிமிர்வு இல்லை. பானு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஜெயராமன் தோளைச் சுவரில் வைத்து அழுத்த, பல்லைக் கடித்துக்கொண்டு முதுகெலும்பை நிமிர்த்தினார். ஷெட்டில் ரயிலுக்கு அடியில் விட்டுவிட்டு வந்த உயரத்தைத் திரும்ப வாங்குகிற மாதிரி இருந்தது. வலியில் கண்ணில் நீர் வந்தது. கொத்தனார் தாடைக்கு நேராகச் சுவரில் கோடு கிழித்தார்.

“ஒரு வெரக்கட சேத்துக்க” என்றார் தங்கவேல், மூச்சு வாங்கிக்கொண்டு. “முடியத் தூக்கி வாருவான்.”

பேனரை அன்றைக்கே இறக்கினார்கள். சுருட்டும்போது ஜெயராமன், “உசுரோட வீர வணக்கம் வாங்கின ஒரே ஆளு நீதான், ஆயுசு கெட்டி போ” என்றார். வீட்டில் பானு சாமி அலமாரிக்குப் பக்கத்திலிருந்த படத்தின் மாலையைக் கழற்றினாள். பொட்டை மட்டும் அழிக்கவில்லை. தன் காஜலை எடுத்து இன்னும் அழுத்தமாக வைத்தாள்.

பதினாறாம் தேதி கல்லைத் திறந்தார்கள். முகம் இல்லை. ‘கன்னியப்பன், 1971’, அவ்வளவுதான். தங்கவேல் கேட்டுக்கொண்டதால் கீழே ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்கள்: ‘பெரியவன்’. கவுன்சிலர் மாலையைக் கல்லின் தலையில் போட்டார். அது கழுத்தில் விழுகிற மாதிரியே விழுந்தது. மைக்கைக் கொடுத்தபோது தங்கவேல் அதிகம் பேசவில்லை. “எங்க அண்ணன் இம்மாதான் ஒசரம். ஆனா பெரியவன் அவன்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். அவர் கையிலேயே வைத்திருந்து ஜெயராமனிடம் கொடுத்துவிட்டார்.

இப்போதும் காலையில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறார். வளைந்த முதுகோடு நின்றால் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அண்ணன் முகம் நினைவுக்கு வந்ததா என்று பானு ஒருநாள் கேட்டாள். இல்லை என்றார். படம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சேக்காடு பக்கம் வருகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்து, ஏன் இதில் படம் இல்லை, ஏன் இவ்வளவு குட்டையாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். கல்லில் பதில் எழுதியிருக்கவில்லை. அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்ததோடு விட்டுவிடாதீர்கள். வீட்டிலோ, ரயிலிலோ, வேலை செய்யும் இடத்திலோ ஒருவரிடமாவது சொல்லுங்கள்: கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார், குள்ளமாக இருப்பார், முடியைத் தூக்கி வாருவார், சண்டை முடிவதற்கு முந்தின நாள் செத்துப்போனார், பட்டாளத்துச் சட்டையில் இருக்கிற அந்தப் படம் அவருடையது இல்லை. கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.